சாவுக்கு அரைப்பேர் கிடையாது

என் அன்பு மாப்ள பிரகாசம்,

"நலம், நலமறிய ஆவல்" என்று எழுதத்தான் கை போனது. இருபத்தெட்டு வருஷமாகத் தோட்டத்துத் தபால் பை சுமக்கிறவனுக்கு வேறு தொடக்கம் எங்கே வரும்? உன் விஷயத்தில் முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கே நலம்.

தோட்டத்துக்குப் புது மேனேஜர் துரை வந்திருக்கிறார். பழைய துரையைவிட அரை அடி குள்ளம், ஓரடி கூடுதல் கோபம். எஹலியகொட பஸ் இப்போதும் நம் தோட்டத்து வளைவைப் பார்த்ததும் பயந்து அங்கேயே திரும்பிவிடுகிறது. நான் ஞாயிறு பத்திரிகைக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுவதை விடவில்லை. சனங்களும் அதில் கருவாடு சுற்றுவதை விடவில்லை. என் எழுத்து வீட்டுக்கு வீடு போய்ச் சேருகிறது என்று பெருமையடிப்பேனே, எப்படிச் சேருகிறது என்று இப்போது தெரிகிறதா?

ஆனால் இதெல்லாம் உதிரிச் செய்தி. பெரிய செய்தி என்னவென்றால், உன் மச்சான் கணக்குப் படித்துவிட்டான்.

சிரிக்காதே. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் ஒரே முடிவைப் பெற்றவன்தான் நான். ஆனாலும் இந்த வயதில், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கணக்கைச் செய்து முடித்தேன். நம் தோட்டத்தில் இளவயசு ஆம்பிளைகள் சாகவேண்டிய அளவுக்கு மேலே சாகிறார்களா என்று பார்க்கிற கணக்கு. சாகவேண்டிய அளவு என்று ஒன்று இருக்கிறதா மச்சான் என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன்.

எல்லாம் உன் வருஷப் பூசையில் ஆரம்பித்தது. பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தோம். உன் மனைவி, அதாவது என் தங்கை ரோசலின், உன் சிலுவைக்குப் பூ வைத்துவிட்டு அங்கேயே நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். அன்றைக்கு இன்னும் சிலர் பூ வைக்க வந்திருந்தார்கள். அவள் அவர்களை ஒவ்வொருத்தியாக எண்ணிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, இங்க படுத்திருக்கிறது கெழவனுங்களா இருக்கணும்ல? பூ வைக்க வந்த பொம்பளைங்களப் பாருங்க. எல்லாம் என் செட்டு."

நான் பார்த்தேன். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அவளோடு மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். ஒருத்திக்குக்கூடத் தலை நரைக்கவில்லை.

"இவங்க வீட்டுக்காரனுங்க எல்லாம் குடிச்சே செத்தானுங்களா? நீங்கதான் ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

மாப்ள, இதை உன்னிடம் நான் மறைக்க முடியாது. நீ போன அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். உனக்குக் காய்ச்சல் வந்து, கண் இரண்டும் மஞ்சள் பூத்து, சிறுநீர் நின்று, ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய் இது. "மாப்ள ஈரலை சாராயத்துல ஊறப் போட்டுட்டான்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்தால் எனக்கு அது போதும், தலைகால் தெரியாது. உன் பெட்டி கல்லறைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் பேச்சு லயத்து வீடுகள் அத்தனையையும் சுற்றி வந்துவிட்டது. நான் கொண்டுபோய்ச் சேர்த்த தபால்களிலேயே வேகமாகப் போனது அதுதான்.

நீ குடித்தது நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிளாஸ், மாதா திருநாளுக்கு ஒரு கிளாஸ். எனக்குத் தெரியாதா? அதில் பாதியைப் பிடுங்கிக் குடித்ததே நான்தானே?

ரோசலின் ஒரு வருஷம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கல்லறையில் வைத்துத்தான் என் கையில் கொடுத்தாள். பதில் சொல்ல முடியாத மனிதன் என்ன செய்வான்? அரசாங்கக் கந்தோருக்குப் போவான்.

பிரதேச செயலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் திலினி மிஸ் என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். என் மூத்த மகள் வயசு. தபால் கொண்டுபோகும்போதெல்லாம் அவளோடு சிங்களத்தில் நாலு ஊர்க்கதை பேசிவிட்டு வருவது என் வழக்கம். அன்றைக்குக் கதைக்குப் பதிலாக இந்தக் கேள்வியைக் கொண்டுபோனேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவள் சொன்னது இதுதான். நாடு முழுவதும் ஒவ்வொரு வயசுக்காரரிலும் வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று அரசாங்கத்திடம் ஓர் அட்டவணை இருக்கிறது. நம் தோட்டத்தில் அந்தந்த வயசில் எத்தனை ஆம்பிளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணவேண்டும். அட்டவணையின் விகிதத்தால் பெருக்கினால், ஊர் உலகத்தைப்போல நாமும் செத்திருந்தால் இங்கே எத்தனை சாவு விழுந்திருக்கும் என்று வரும். உண்மையில் விழுந்த சாவுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு மேலே போனால், அந்த மிச்சம்தான் கூடுதல் சாவு. அவ்வளவுதான். ஒரு தோட்டம், ஒரு வருஷம் மட்டும் எடுத்தால் ஒரு சாவு கூடினாலே கணக்கு குதிக்கும் என்று எச்சரித்தாள். அதனால் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டையும் சேர்த்து, பல வருஷத்தை ஒன்றாகப் போடச் சொன்னாள்.

எண்ணுகிற வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? தபால் கொடுக்கிற மூன்று தோட்டத்திலும் எந்த வீட்டில் யார் இருக்கிறான், யார் இருப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு இல்லாமல் இருக்கிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி. இத்தனை வருஷம் வம்பு என்று ஏசினார்களே, அதற்குச் சனத்தொகைப் புள்ளிவிவரம் என்று பெயராம். மாதா கோயில் அடக்கப் புத்தகத்தையும் மாரியம்மன் கோயில் கமிட்டி கொப்பியையும் புரட்டிச் செத்தவர்களை எழுதினேன். வீட்டுப் பட்டியலை வைத்து உயிரோடு இருப்பவர்களை எழுதினேன். கொண்டுபோய்க் காட்டினேன்.

திலினி மிஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த ஆள்கள் எல்லாம் இங்கேயா இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். பிடித்துவிட்டாள், மாப்ள. நம் ஆட்களின் பழக்கம் உனக்குத் தெரியும். மகன் கொழும்புப் புறக்கோட்டையில் கடைக்கு வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆனாலும் தாய்மார் வீட்டுப் பட்டியலில் அவன் பேரை வெட்டவிடமாட்டார்கள். பேரை வெட்டினால் பிள்ளை திரும்பி வரமாட்டான் என்று ஒரு பயம். அதனால் தாளில் நம் தோட்டம் ஆம்பிளைகளால் நிரம்பி வழிகிறது. இல்லாத ஆம்பிளைகளையும் சேர்த்துப் பெருக்கினால், இத்தனை பேரில் இத்தனை சாவு விழத்தானே செய்யும் என்று கணக்கு சமாதானம் சொல்லிவிடும்.

முழு வருஷமும் இங்கே இருந்தவனை ஒன்று என்று போடு, நடுவில் கொழும்புக்குப் போனவனைப் பாதி என்று போடு என்றாள். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"அட, இது எங்க அரைப்பேர்!"

அவளுக்கு நான் வாத்தியாரானேன். எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஆளின் பேர் மட்டுமில்லை, செக்ரோல் என்கிற வருகைப் பதிவில் விழுகிற ஒரு நாள் வேலையும் பேர்தான். நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர், பாதியில் நின்றால் அரைப்பேர் என்று விளக்கினேன். "ஹரி, ஏக்க தமா" என்றாள், அதேதான் என்று. கந்தோர்ப் படிக்கட்டில் இறங்கும்போது நான் ஒரு சுற்றுப் பெருத்திருந்தேன். புள்ளிவிவரத்தையே நம் செக்ரோலிலிருந்துதான் களவெடுத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அவன் இடம் மாறி உட்கார்ந்துவிட்டான்.

அப்படிப் பெருத்தவன் எங்கே நிற்பான்? அரைப்பேர் போடுகிற குஷியில் எல்லா இடத்திலும் போட்டேன். கூட்டிப் பெருக்கிப் பார்த்தால், விழவேண்டிய சாவும் விழுந்த சாவும் ஏறக்குறையச் சமம். கூடுதலே இல்லை.

உண்மையைச் சொல்லவா? எனக்குக் கொஞ்சம் நிம்மதி. நான் சொன்னது பொய்யென்று தாளில் வராமல் போனதே என்ற கேவலமான நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாளைத் தூக்கிக்கொண்டு ரோசலின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஊர் உலகத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது, நாம்தான் மனசைப் போட்டு அலட்டிக்கொள்கிறோம் என்று பக்குவமாகச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். விரலை வைத்து வரிவரியாக இறங்கிவந்தவள், உன் பேரில் நின்றாள்.

"இவருக்கு ஏன் அரைன்னு போட்டிருக்கீங்க?"

"வருஷத்துப் பாதியில போயிட்டாருல்ல. அதான், அரைப்பேர்."

"உசிரோட இருந்த பாதிக்கு அரைப்பேர் போடுங்க, சரி. இது செத்தவங்க வரிசைதானே? அவரு என்ன, பாதியா செத்தாரு?"

மாப்ள, என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். இந்த அளவுக்கு யாருக்கும் முடிந்ததில்லை.

"சாவுக்கு அரைப்பேர் கிடையாதுண்ணே. முழுசாப் போடுங்க."

போட்டேன். அந்த வரிசையில் நான் பாதியாக நறுக்கி வைத்திருந்த ஒவ்வொருத்தனையும் முழு ஆளாக எழுந்து நிற்க வைத்தேன். அவள் பேரைச் சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். திருத்தி முடித்துக் கூட்டினோம். இளவயசு ஆம்பிளைகளில் விழவேண்டிய சாவு ஒரு கைவிரலுக்குள் அடங்கியது. விழுந்த சாவு இரண்டு கையும் போதாமல் கால்விரலுக்கு இறங்கியது.

அடுத்த நாள் திலினி மிஸ்ஸிடம் ஓடினேன். அவள் ஒவ்வொரு வரியையும் தானே போட்டுப் பார்த்தாள். பொம்பளைகளைத் தனியாகப் போட்டாள்: ஊர் உலகத்தைப்போலத்தான். என் வயசு ஆம்பிளைகளைப் போட்டாள்: அதுவும் அப்படியே. உங்கள் செட்டு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. தற்செயலாக இவ்வளவு வருமா என்று கேட்டேன். இவ்வளவு வராது என்றாள்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. குடிதான் காரணமென்றால் முதலில் போகவேண்டியது யார்? என் வயசுக்காரர்கள். நாங்கள்தானே இந்தத் தோட்டத்தின் பெருங்குடி மக்கள். நாங்கள் குத்துக்கல்லாக இருக்கிறோம், நத்தாருக்கு ஒரு கிளாஸ் குடித்தவன் போய்விட்டான். அப்படியானால் பொம்பளைகள் செய்யாத, கிழடுகள் செய்யாத, உங்கள் வயசு ஆம்பிளைகள் மட்டும் செய்கிற ஏதோ ஒன்று இருக்கவேண்டும். சாவுகள் விழுந்த மாதத்தைப் பார்த்தேன். அநேகமாக எல்லாம் மழை மாதம்.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் உங்கள் செட்டு எங்கே போகும் என்று இந்தத் தோட்டத்து நாய்க்கும் தெரியும். கீழே ஓடைக்கரையில் மாணிக்கக் கல் தோண்டுகிற குழிக்கு. லைசன் இல்லாத குழி. அதனால்தான் எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் சொல்லமாட்டோம்.

இதை ரோசலினிடம் வந்து சொன்னேன். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"இந்தக் கூடுதல்ல எங்க வீட்டுக்காரரு எந்த ஆளுண்ணே?"

அது இந்தக் கணக்கில் வராது, மாப்ள. எத்தனை பேர் கூடுதல் என்று சொல்லும். எவன் கூடுதல், எவன் எப்படியும் போயிருப்பான் என்று சொல்லாது. அதை அவளுக்குச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேறொன்றைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளிடம் கேட்டாராம், சேற்றில், தேங்கின தண்ணீரில் இறங்குகிறவரா என்று. இல்லை, ரப்பர் மலையில் மட்டும்தான் வேலை என்று இவள் சொன்னாளாம். குழியைச் சொன்னால் பொலிஸ் வரும், உன் தம்பி அருள்தாஸும் அதே குழியில் இறங்குகிறவன், அவனையும் பிடிப்பார்கள் என்று பயந்தாளாம்.

நான் வாயைத் திறந்து உன்னைக் குடிகாரனாக்கினேன். அவள் வாயை மூடிக்கொண்டு உன்னைக் காப்பாற்றப் பார்த்தாள். எங்கள் குடும்பத்துக்கு வாயால் ராசி இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு நானும் அவளும் சுகாதாரக் கந்தோருக்குப் போனோம். அங்கேயிருந்த டொக்டர் அம்மா தாளை இரண்டு தடவை பார்த்தார். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து, காலில் இருக்கிற சிராய்ப்பு வழியாக ஏறுவது, முற்றினால் கண் மஞ்சளாகும், சிறுநீரகம் நிற்கும் என்றார். வயல்காரர்களுக்கும் லைசன் குழிக்காரர்களுக்கும் மழைக்கு முன்னால் வாரம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்களாம். நம் ஆட்கள் தாளில் ரப்பர் தொழிலாளிகள். அதனால் மாத்திரைப் பட்டியலில் இல்லை. உன் ரத்தத்தை அந்தக் காய்ச்சலுக்குப் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் முடியாது, ஆகையால் உன்னைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றார். இருக்கிறவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்லுவேன் என்றார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது.

போன கிழமை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்கு டொக்டர் அம்மா மாத்திரைப் பெட்டியோடு வந்துவிட்டார். தமிழில் எடுத்துச் சொல்கிற வேலை எனக்கு. எலிக்காய்ச்சலை விளக்கினேன், நன்றாகச் சிரித்தார்கள். குழிக்குப் போகிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னேன். ஒரு கைகூட எழும்பவில்லை. பொலிஸுக்குப் பேர் போகாது என்று டொக்டர் அம்மாவே சொன்னார். அப்போதும் இல்லை. அத்தனை ஆம்பிளைகளும் காலுக்கடியில் எதையோ தொலைத்தவர்களைப்போல நின்றார்கள். இரண்டு பகிடி விட்டுப் பார்த்தேன். என் பகிடிக்கு இந்தத் தோட்டம் சிரிக்காமல் நின்றது அன்றைக்குத்தான்.

பால் வாளியோடு பொம்பளைகள் வரிசையில் நின்ற ரோசலின் முன்னால் வந்தாள். யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு குழிக்குத்தான் போனாரு. ஆஸ்பத்திரியில நான் இல்லைன்னு சொல்லிட்டேன். சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாரோ என்னமோ, எனக்குத் தெரியாது. ஒங்க வீட்டுப் பொம்பளைங்கள அப்பிடி நெனைக்க விட்டுறாதீங்க."

அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.

முதல் கை உன் தம்பி அருள்தாஸுடையது. பாதிக் காதளவுக்குத்தான் தூக்கினான், கேட்டால் தலை சொறிந்தேன் என்று சொல்லுகிற மாதிரி. ஆனாலும் தூக்கினான். பிறகு ஒன்று, பிறகு நாலு, பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணத் தெரிந்த பிறகு நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. தபால் கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம், நான் அன்றைக்குச் சொன்னது பொய், மாப்ள குடிகாரன் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். அதற்கு ஒருவரும் சிரிப்பதில்லை, அதனால் அது மெதுவாகத்தான் பரவுகிறது. ஆறாம் நம்பர் லயத்தில் ஒரு கிழவி மட்டும், "அது எங்களுக்கு அப்பவே தெரியும், நீ சொன்னா யாரு நம்புனா?" என்றாள். இது எனக்கு ஆறுதலா அவமானமா? நீயே சொல்லு.

அருள்தாஸ் முதல் மாத்திரையை வாங்கி, வேலிக்கு அப்பால் துப்பப் பார்த்தான். நான் பிடித்துவிட்டேன். வயிறு புரட்டுகிறது, தபால்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று ஏசினான். இனி ஒவ்வொரு கிழமையும் பிரட்டுக்கு நான் வருவேன், மாப்ள. அவன் விழுங்கின பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுவேன். வருஷா வருஷம் தாளை விரித்து அவன் செட்டை எண்ணுவேன். அவன் தலை நரைக்கவேண்டும், பல் ஆடவேண்டும், முட்டிவலி, சர்க்கரை, பிரஷர் என்று எங்கள் வயசுக்கான வியாதி எல்லாம் ஒழுங்காக வரவேண்டும். எங்களோடு மருந்து கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கிற வாங்கில் உட்கார்ந்து துரையையும் அரசாங்கத்தையும் என்னையும் அவன் திட்டவேண்டும். அந்த வாங்கில் அவனுக்கு ஒரு இடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் நான் உன்னிடம் வருவேன்.

அதுவரைக்கும் உன் பெண்சாதிக்கு அண்ணனும், உன் தம்பியின் வாய்க்குக் காவல்காரனுமாகிய

உன் மச்சான்,
சவரிமுத்து